பூட்டிய துறைமுகங்களும் பிரிட்டன் கரியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் ஏற்றுமதிப் பக்கத்தில், "வரியைவிடப் பொல்லாதது கோட்டா, இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பிரிட்டன் நிலக்கரி பட்ட பாட்டைப் பார்த்தால் தெரியும்" என்று ஒரே வரி எழுதி நிறுத்தியிருந்தோம். கோட்டா என்றால் இத்தனை டன்தான் உள்ளே வரலாம் என்று இறக்குமதிக்கு அளவு கட்டுவது. பழைய வட ஆற்காடு மாவட்டத்து வாசகர்கள் அதை அப்படியே விடவில்லை. தோலும் ஷூவும் கப்பலேற்றிப் பிழைக்கிற வட்டாரம். கேள்விகள் கூர்மையாகவே வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அந்தக் கரிக்கே ஒதுக்கிவிட்டோம்.

வரி கட்டினால் சரக்கு உள்ளே போய்விடும். விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே? கோட்டாவை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?
– தோல் ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், ஆம்பூர்

கணக்காளர் என்கிறீர்கள், கணக்காகவே பார்ப்போம். 1931-இல் பிரான்ஸ் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி பிரிட்டன், தன் நாணயமான பவுனைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையைக் கைவிட்டது. அதுவரை ஒரு பவுனுக்கு பிரெஞ்சு நாணயத்தில் 124 பிராங்கு. ஆண்டு முடிவதற்குள் அது சுமார் 90 பிராங்குக்கு இறங்கிவிட்டது. பிரான்ஸின் ரூவான் துறைமுகத்தில் கப்பல் கட்டணம் உட்பட டன் ஒன்றுக்கு ஒரு பவுன், அதாவது 20 ஷில்லிங், விலையாகிற கரி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முன்பு பிரெஞ்சு வியாபாரி அதற்கு 124 பிராங்கு கொடுத்தார். இப்போது 90 கொடுத்தால் போதும். அவருக்கு லாபம், வேல்ஸ் சுரங்கத்துக்கும் முன்பு வந்த ஷில்லிங் குறையாமல் வருகிறது.

பிரான்ஸ் சும்மா இருக்குமா? நாணயம் சரிந்த நாடுகளின் சரக்குக்கு 15 சதவீதக் கூடுதல் வரி என்று நவம்பரில் போட்டது. 90-இல் 15 சதவீதம் 13.50. மொத்தம் 103.50. பழைய 124-ஐவிட இன்னமும் 20 பிராங்கு மலிவு! ஆக வரி மட்டும் இருந்திருந்தால், சரிந்த பவுனைக் கொண்டே பிரிட்டன் அதைத் தாண்டியிருக்கும்.

தாண்ட முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டு ஜூலையிலேயே பிரான்ஸ் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளின் சராசரி இறக்குமதியில் இத்தனை சதவீதம் மட்டும் வரலாம் என்று அளவு கட்டிவிட்டார்கள். நீங்கள் விலையை 80 பிராங்குக்கு இறக்கினாலும், 60-க்கு இறக்கினாலும், அந்த அளவுக்கு மேல் ஒரு டன் நுழையாது. வரிக்கு எதிராக விலையைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கலாம், நாணயத்தைக்கூடச் சரிய விடலாம். கோட்டாவுக்கு எதிராக இவற்றில் எதுவும் பலிக்காது.

இன்னொரு வேதனையும் உண்டு. வரி என்றால் பணம் பிரெஞ்சுக் கஜானாவுக்குப் போகும். கோட்டா என்றால், உள்நாட்டு விலைக்கும் வரவழைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் லைசென்ஸ் வைத்திருப்பவர் பைக்குப் போகும். லைசென்ஸ் இருப்பது இறக்குமதியாளர் கையில். அவர் வேல்ஸ் துறைமுகமான கார்டிஃபின் ஏஜென்டைப் பார்த்து, "உன் கரிக்குத்தான் என் காகிதத்தைச் செலவழிக்க வேண்டுமா? ஒரு ஷில்லிங் குறை" என்பார். இறக்குமதி லைசென்ஸ் கையில் இருந்தாலே காசு என்ற காலத்தை நம் ஊர்ப் பெரியவர்களும் பார்த்திருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

பிரிட்டனின் நிலக்கரி ஏற்றுமதி எவ்வளவு இருந்தது, எவ்வளவு விழுந்தது? எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுத் தடைதான் காரணமா? தேர்வுக்கு எழுதலாமா?
– பொருளாதார மாணவி, வேலூர்

எழுதலாம் அம்மா, ஆனால் "எல்லாவற்றுக்கும் தடைதான்" என்று எழுதாதீர்கள்.

1913-இல் பிரிட்டன் வெட்டியெடுத்தது 28.7 கோடி டன், அதில் 7.34 கோடி டன் கரியாக ஏற்றுமதியானது. வெளிநாடு போகும் கப்பல்கள் தம் கொதிகலனுக்கு நிரப்பிக்கொண்டது இதில் சேராது. அது தனியாக இன்னும் 2 கோடி டன்னுக்கு மேல். பெரிய வாடிக்கையாளர்கள் பிரான்ஸ் 1.28 கோடி டன், இத்தாலி 96 லட்சம், ஜெர்மனி 90 லட்சம். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வையுங்கள். பிறகு கதவைச் சாத்தியவர்களும் இவர்களே.

1923-இல் ஏற்றுமதி 7.95 கோடி டன்னாக ஏறியது. அது சொந்த பலத்தில் வந்த ஏற்றம் அல்ல. அந்த ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் படையை அனுப்பின. அங்கே சுரங்கங்கள் முடங்கின. உலகம் முழுக்க பிரிட்டனிடம் கரி கேட்டது. ரூர் சரியானதும் 1925-இல் 5.08 கோடிக்கு இறங்கியது. 1926-இல் வெறும் 2.06 கோடி, காரணம் உள்நாட்டுக் கதவடைப்பு, அது கீழே தனியாக வருகிறது. 1929-இல் 6.03 கோடிக்குத் தேறி, 1932-இல் 3.89 கோடி. அதன்பின் எத்தனை ஒப்பந்தம் போட்டும் 4 கோடியைச் சுற்றியே வட்டமடித்தது. 1936-இல் 3.45 கோடி.

ஒரு எச்சரிக்கை. 1923-இல் இருந்து அயர்லாந்து சுதந்திர நாட்டுக்குப் போன கரியும் "ஏற்றுமதி" என்று எழுதப்பட்டது. 1913-இல் அது உள்நாட்டு வியாபாரம். இரண்டு ஆண்டுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் உண்மையான வீழ்ச்சி குறைவாகத் தெரியும். பல பாடப்புத்தகங்கள் இதில் வழுக்குகின்றன.

தடை தவிர மற்ற காரணங்கள்: கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, இத்தாலி, நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் நீர்மின்சாரம் வந்தது, கொதிகலன்கள் மேம்பட்டு, அதே வேலைக்குக் குறைந்த கரி போதுமானது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி, தோற்றதற்கான இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கரியாகவே பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிக்குக் கொடுத்தது. 1920 ஜூலையில் ஸ்பா மாநாட்டில் முடிவான அளவு மாதம் 20 லட்சம் டன். இழப்பீடாக வரும் கரியோடு காசு கொடுத்து வாங்கும் கரி எப்படிப் போட்டிபோடும்? இது சுங்கச் சட்டத்தில் எழுதப்படாத தடை. ஜெர்மனியின் சார் என்ற பகுதியின் சுரங்கங்கள் 15 ஆண்டுகளுக்கு பிரான்ஸிடம் போனதையும் இதோடு சேர்த்து எழுதுங்கள்.

1925-இல் பவுனைத் தங்கத்தோடு மறுபடி கட்டியது நிலக்கரிக்கு எவ்வளவு கெடுதல்?
– போட்டித் தேர்வு எழுதுபவர், திருப்பத்தூர்

நிதியமைச்சர் சர்ச்சில் 1925 ஏப்ரலில் பவுனை 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய விலையிலேயே நிறுத்தினார். சுமார் 10 சதவீதம் அதிகம் என்றார் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ். 18 ஷில்லிங் கரியில் அது சுமார் 1 ஷில்லிங் 9 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). டன்னுக்குச் சில பென்ஸ் லாபத்தில் ஓடிய சுரங்கங்களுக்கு இது மூச்சு முட்டும் தொகை. முதலாளிகள் அதைக் கூலியில் பிடிக்கப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் அடுத்த கேள்விக்கான பதில் தொடங்குகிறது.

போலந்து எங்கிருந்து இதில் வந்தது? அதற்கு முன் அந்த நாடு கடல் வழியாகக் கரி விற்றதாகவே படித்ததில்லை.
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குடியாத்தம்

சரியாகவே பிடித்தீர்கள், ஐயா. போலந்தைக் கடலுக்குத் தள்ளியதே ஒரு வணிகத் தடைதான். பிரிட்டனுக்கு எதிராகப் போட்டது அல்ல.

முதல் உலகப் போருக்குப் பின், அதுவரை ஜெர்மனியிடம் இருந்த மேல் சைலீசியா என்ற வட்டாரத்தின் சுரங்கங்களில் பெரும்பகுதி போலந்துக்கு வந்தது. அவற்றின் இயல்பான சந்தை பக்கத்திலிருந்த ஜெர்மனி. ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் ஜெர்மனி அந்தக் கரியை வாங்க வேண்டியிருந்தது. 1925 ஜூனில் காலக்கெடு முடிந்ததும் ஜெர்மனி கதவைச் சாத்தியது. இரு நாடுகளுக்கும் சுங்கப் போர் மூண்டது. தோண்டிய கரியை எங்கே கொட்டுவது? 500 கிலோமீட்டருக்கு அப்பால் பால்டிக் கடல். அங்கே கரி போய்ச் சேர்ந்தாலும், சுவீடன், டென்மார்க், நார்வே போன்ற ஸ்காண்டிநேவிய நாட்டவர் தலைமுறை தலைமுறையாக வாங்கிவந்தது பிரிட்டன் கரியை. புதியவனை யார் மதிப்பார்?

பிரிட்டனே மதிக்க வைத்தது. 1926 மே மாதம் கூலிக் குறைப்பை ஏற்காத சுரங்கத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக மற்றத் தொழிலாளர்கள் நடத்திய பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் ஓய்ந்தது; சுரங்கங்களோ நவம்பர் கடைசிவரை திறக்கவில்லை. ஸ்டாக்ஹோமிலும் கோபன்ஹேகனிலும் கரியை வாட்டி எரிவாயு எடுக்கும் ஆலைகளும் ரயில்வேக்களும் ஏழு மாதம் காத்திருக்குமா? போலந்துக் கரியை வாங்கினார்கள். அதற்கேற்ற மாதிரி அடுப்பைத் திருத்திக்கொண்டார்கள். மலிவாகவும் இருந்தது. வாங்கிப் பழகிவிட்டார்கள்.

பிறகு போலந்து முழுமூச்சாக இறங்கியது. உள்நாட்டில் விலையை உயர்த்தி வைத்து அந்த லாபத்தில் ஏற்றுமதி நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். துறைமுகத்துக்குப் போகும் கரிக்கு ரயில் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தார்கள். மீனவக் கிராமமாக இருந்த கிடினியாவைப் பெரிய துறைமுகமாக்கினார்கள். சைலீசியாவிலிருந்து நேரே அங்கே போகும் தனி ரயில்பாதை 1933-இல் முடிந்தது. இன்னொருவர் இல்லாத நேரத்தில் கிடைத்த வாடிக்கையை முதலீடு போட்டு நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கரி என்றால் எல்லாம் கரிதானே? ஒரு நாட்டுக் கரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் என்ன அவ்வளவு சிரமம்?
– கொதிகலன் பிரிவில் பணிபுரிபவர், ராணிப்பேட்டை

கொதிகலன் தெரிந்த நீங்களே இப்படிக் கேட்கலாமா! கரியை எரிக்கும்போது வாயுவாகப் பிரியும் பகுதியைப் பாருங்கள். தெற்கு வேல்ஸ் நீராவிக் கரியில் அது 10 முதல் 20 சதவீதத்துக்குள். புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படை அதை விரும்பியதே, அடிவானத்தில் புகை காட்டிக்கொடுக்காது என்பதால். சைலீசியக் கரியில் அந்தப் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டும். நீண்ட சுடர் விட்டு எரியும்.

வேல்ஸ் கரிக்கு அமைத்த அடுப்பில் சைலீசியக் கரியைப் போட்டால் சுடர் முழுசாக எரிந்து முடிவதற்குள் குழாய்களில் பட்டு அணைந்துவிடும். விளைவு கருப்புப் புகை, குழாயில் ஒட்டடை, சூடு வீண். கரி எரியும் தட்டுக்கு மேலே தனியாகக் காற்று விட வேண்டும். எரியும் அறையின் உயரம் போதாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். கரியை மெல்லிய அடுக்காக, அடிக்கடி போட வேண்டும். சாம்பல் உருகும் சூடு வேறுபட்டால் தட்டில் கட்டிகட்டியாக உறைந்து காற்றை அடைக்கும். எரிவாயு ஆலையில் வேறு சங்கடம். வட இங்கிலாந்தின் டர்ஹாம் கரியை வாட்டினால், வாயு போன பின் நல்ல கோக் என்ற எரிகட்டி மிஞ்சும். அதை விற்றால் ஆலைச் செலவில் ஒரு பகுதி தேறும். ஒட்டாத கரியில் தூள்தான் மிஞ்சும்.

சைலீசியக் கரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கெட்டியானது; நீண்ட ரயில் பயணத்திலும், கப்பலில் கொட்டும்போதும் அதிகம் உடையாது. வேல்ஸ் கரி எளிதில் நொறுங்கும். பெரிய கட்டிக்கு விற்றது போய்ச் சேரும்போது பாதி தூளானால், தூளின் விலையே கிடைக்கும். அதனால்தான் கார்டிஃபில் உயரத்திலிருந்து கொட்டாமல் பெட்டியில் இறக்கிவைக்கும் ஏற்பாடுகள் செய்தார்கள். மிஞ்சிய தூளைக் கீலோடு சேர்த்து அழுத்திச் செங்கல் போன்ற கட்டிகளாக்கியும் விற்றார்கள்.

மாறுவது கஷ்டம் என்பதால்தான், ஒரு தடவை மாறியவர் திரும்பிவருவதும் கஷ்டம். 1926-இல் அடுப்பை மாற்றியவர் 1927-இல் மறுபடி மாற்றுவாரா?

டென்மார்க் தன் கரியில் 80 சதவீதத்தை பிரிட்டனிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்ததாமே. ஒரு நாட்டை அப்படிக் கட்டாயப்படுத்த முடியுமா?
– ஷூ மேல்பாகத் தொழிலகம் நடத்துபவர், வாணியம்பாடி

முடிந்தது. பிரிட்டன் கையிலும் ஒரு பிடி இருந்தது. டென்மார்க்கின் பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டைக்குப் பெரிய சந்தை பிரிட்டன். 1932-இல் பிரிட்டன் பொதுச் சுங்கச் சட்டம் கொண்டுவந்து பல ஆண்டுகாலத் திறந்த வணிகத்துக்கு முழுக்குப் போட்டது. அதுவரை கொடுக்கவோ பிடுங்கவோ கையில் ஒன்றுமில்லாதிருந்த வணிகத்துறை அமைச்சர் ரன்சிமனுக்கு அதன்பின் பேரம் பேச ஒரு பொருள் கிடைத்தது.

1933-34-இல் வரிசையாகக் கையெழுத்தான ஒப்பந்தங்களில் பிரிட்டன் கரிக்கு உறுதிசெய்த பங்கு: எஸ்டோனியா 85 சதவீதம், டென்மார்க் 80, லிதுவேனியா 80, ஐஸ்லாந்து 77, பின்லாந்து 75, நார்வே 70, லாட்வியா 70, சுவீடன் 47. சுவீடன் மட்டும் ஏன் குறைவு? மரக்கூழும் இரும்புத் தாதும் வைத்திருந்த சுவீடன் மற்றவர்களைப் போல் பிரிட்டன் ஒன்றையே நம்பி இருக்கவில்லை. பேரத்தில் சாய்கிற பக்கம் எது என்று அந்த எண்ணே காட்டுகிறது. டென்மார்க் ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை: பிரிட்டனுக்கு அனுப்பும் பன்றி இறைச்சியை பிரிட்டனில் நெய்த சணல் துணியில்தான் சுற்ற வேண்டும் என்றும் இருந்தது. வங்காளத்துச் சணல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஜெர்மனியோடு வேறு மாதிரி. அங்கே சதவீதம் இல்லை, அளவு. 1932-இல் மாதம் 1 லட்சம் டன்னுக்குக் குறுக்கப்பட்டிருந்த பிரிட்டன் கரியை, 1933 ஏப்ரல் ஒப்பந்தம் குறைந்தது 1.8 லட்சம் டன் என்று உயர்த்தியது. அதே ஆண்டு மே முதல் தேதி அர்ஜென்டினாவோடு, கரிக்கு இறக்குமதி வரி போடாமல் தொடர்வது என்று முடிவானது. இறைச்சியை விற்றுக் கிடைக்கும் பவுனை பிரிட்டனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கே ஒதுக்குவது என்றும்.

பலன்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்காண்டிநேவியாவில் பிரிட்டன் கரி கூடியது உண்மை. மொத்த ஏற்றுமதி எவ்வளவு ஆனது? 1933-இல் 3.91 கோடி டன், 1934-இல் 3.97 கோடி, 1935-இல் 3.87 கோடி. ஏறவே இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து துரத்திய போலந்துக் கரி காற்றில் கரைந்துபோகவில்லை. மத்தியதரைக் கடலுக்கு வந்து இத்தாலியிலும் பிரான்ஸிலும் பிரிட்டன் கரியின் இடத்தைப் பிடித்தது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்பும். 1934 டிசம்பரில் பிரிட்டன், போலந்தோடு நேரடியாகவே உட்கார்ந்து, போலந்தின் ஏற்றுமதி பிரிட்டனுடையதில் 21 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நம் கருத்தில், அந்த எட்டு ஒப்பந்தங்களையும்விட விவரமான வேலை இதுதான். ஐந்தாறு ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உள்நாட்டிலேயே சமமாகப் பங்கு விழவில்லை. பால்டிக் வியாபாரம் டைன் நதிக்கும் ஸ்காட்லாந்துக்கும் பக்கம். இழந்த பிரான்ஸும் இத்தாலியும் தெற்கு வேல்ஸின் சந்தைகள். நியூகாஸிலில் கப்பல் ஏறியபோது தெற்கு வேல்ஸ் துறைமுகங்களான கார்டிஃபிலும் பாரியிலும் கரி ஏற்றும் தூக்கிகள் சும்மா நின்றன. ஆம்பூருக்கு ஆர்டர் வந்தது என்றால் அரக்கோணத்துக்காரர் வயிறு நிறையுமா?

கோட்டா முறையில் நடைமுறையில் என்ன தவறும்? கப்பல் கிளம்பியபின் பிரச்சினை வந்தால்?
– சரக்குப் போக்குவரத்து ஏஜென்ட், வாலாஜாபேட்டை

அந்தக் காலத்து நடைமுறையைச் சொல்கிறோம். உங்களுக்குப் பழகிய தலைவலிகளே.

5,000 டன் கப்பல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தின் வாயிலில் சல்லடையில் சலித்துக் கட்டி, நடுத்தரம், தூள் என்று பிரிப்பார்கள். பெரும்பாலும் 10 அல்லது 12 டன் மர வேகன்கள். அதனால் இந்த ஒரு கப்பலுக்கே 420 முதல் 500 வேகன் வேண்டும். அவை துறைமுகப் பக்கப் பாதைகளில் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றாக எடைபோட்டு, தூக்கியில் ஏற்றி, சாய்த்து, சரிவுப் பலகை வழியே கப்பல் அறைக்குள் கொட்டுவார்கள். உள்ளே ஆட்கள் மண்வெட்டியால் பரப்பிச் சமன்செய்வார்கள். ஒருபுறம் குவிந்தால் கடலில் கப்பல் சாயும்.

கப்பலை வாடகைக்கு எடுக்கும்போதே ஏற்ற இத்தனை நாள், இறக்க இத்தனை நாள் என்று எழுதுவார்கள். தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று டெமரேஜ். இப்போது மாதக் கோட்டாவை இதில் சேருங்கள். லைசென்ஸ் மாதக் கடைசியோடு காலாவதி. கப்பல் 28-ஆம் தேதி சேர வேண்டியது. புயல் காரணமாக அடுத்த மாதம் 2-ஆம் தேதி சேர்கிறது. பழைய லைசென்ஸ் செத்துப்போனது. புதிய மாதத்து அளவு வேறொருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது. கப்பல் நின்றால் டெமரேஜ். கரியைத் திருப்பிக் கொண்டுவந்தால் இரட்டைக் கட்டணம். வேறு துறைமுகத்துக்குத் திருப்பினால் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

இதற்குப் பயந்து எல்லோரும் மாதத் தொடக்கத்திலேயே கப்பலைச் சேர்க்கப் பார்ப்பார்கள். முதல் வாரம் துறைமுகத்தில் நெரிசல், கடைசி வாரம் ஈ ஓட்டுவார்கள். லைசென்ஸ் தாமதமானால் ஏற்றிய வேகன்கள் பக்கப் பாதையில் அப்படியே நிற்கும். காலி வேகன் சுரங்கத்துக்குத் திரும்பாது. காலி வேகன் இல்லாவிட்டால் மேலே வந்த கரியைக் கொட்ட இடமில்லை. அன்றைக்குச் சுரங்கமே நிற்கும், கூலியும் இல்லை. ரூவானில் ஒரு குமாஸ்தா முத்திரை குத்தத் தாமதித்தால் வேல்ஸின் சுரங்க ஊர்களான ரோந்தா பள்ளத்தாக்கில் அடுப்பு எரியாது.

1924-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 20 டன் இரும்பு வேகன்களைப் பயன்படுத்துவோருக்குக் கட்டணத்தில் 5 சதவீதத் தள்ளுபடி தந்தது. வேகன் எண்ணிக்கை பாதியாகும், ஏற்றும் நேரமும் குறையும். ஆனால் பல சுரங்கங்களின் சல்லடைக் கூடங்களும் துறைமுகத் தூக்கிகளும் சின்ன வேகனுக்கு அளவெடுத்துக் கட்டியவை. நஷ்டத்தில் ஓடுபவன் எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதெங்கே? பெரும்பாலோர் கைவைக்கவில்லை.

நம் காட்பாடி வழியாக ஓடிய நீராவி இன்ஜின்கள் இங்கிலாந்துக் கரியையா தின்றன? இந்தியாவும் அதற்குத் தடை போட்டதா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய காலத்தில் விறகும் முக்கிய எரிபொருள். ரயிலுக்காகவே சவுக்குத் தோப்புகள் வைத்தார்கள். நீங்கள் கேட்கிற இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் காட்பாடியின் அகலப் பாதை இன்ஜின்களுக்கு வங்காளத்துக் கரியும் சிங்கரேணிக் கரியும்தான். இங்கிலாந்துக் கரி இந்தியாவில் முக்கியமாகப் பம்பாய், கராச்சி பக்கம் இறங்கியது. அங்கே கிழக்கிந்தியாவின் ராணிகஞ்ச், ஜாரியா சுரங்கங்களின் கரியைவிடக் கப்பலில் வந்த கரி கட்டுப்படியான காலங்கள் உண்டு.

இந்தியாவின் இறக்குமதி வரி டன்னுக்கு 8 அணா. அது கதவைச் சாத்தும் வரி அல்ல. இங்கே உண்மையான சண்டை தென்னாப்பிரிக்கக் கரியோடு. அந்நாட்டு அரசு ஏற்றுமதிக் கரிக்கு ரயில் கட்டணத்தில் டன்னுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் திருப்பிக் கொடுத்தது. தனி எதிர்வரி போடுங்கள் என்று இந்தியச் சுரங்க முதலாளிகள் கேட்டார்கள்; 1926-இல் சுங்க வாரியத்தின் பெரும்பான்மை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தியக் கரிக்கும் ஒரு "1926" உண்டு. உள்நாட்டுத் தட்டுப்பாட்டைக் காட்டி 1920 முதல் 1923 தொடக்கம்வரை அரசே கரி ஏற்றுமதியைத் தடுத்து வைத்தது. கொழும்பும் சிங்கப்பூரும் அதற்குள் தென்னாப்பிரிக்காவுக்குப் பழகிவிட்டன. தரத்தின் மேல் நம்பிக்கை போயிருந்ததால், 1925-இல் கரியைத் தரம் பிரித்துச் சான்று தரும் வாரியத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆனாலும் சந்தை முழுசாகத் திரும்பவில்லை.

அயர்லாந்தில் "மாட்டுக்குக் கரி" என்று ஒரு ஒப்பந்தம் இருந்ததாமே?
– வாசகர், அரக்கோணம்

ஆமாம். நிலத்துக்கான பழைய தவணைப் பணத்தை லண்டனுக்குக் கட்ட மாட்டோம் என்றது அயர்லாந்தின் டி வலேரா அரசு. 1932 ஜூலையில் பிரிட்டன் அயர்லாந்து மாடுகளின் மேல் 20 சதவீத வரி போட்டது. அயர்லாந்து பதிலுக்கு பிரிட்டன் கரிக்கு டன்னுக்கு 5 ஷில்லிங். இரண்டு பக்கமும் கையைச் சுட்டுக்கொண்டபின், 1935 ஜனவரியில் உடன்பாடு: பிரிட்டன் அயர்லாந்து மாடுகளை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எடுக்கும், அயர்லாந்து தன் கரியை பிரிட்டனிடமே வாங்கும். 1938-இல் 1 கோடி பவுன் கொடுத்துக் கணக்கையே முடித்தார்கள். சுருங்கச் சொன்னால் பண்டமாற்று. சந்தை நாளில் கடலையைக் கொடுத்துக் கருவாடு வாங்குவதற்கும் இதற்கும் தூரமில்லை.

இத்தாலி மேல் பொருளாதாரத் தடை போட்டது பிரிட்டன்தானே? அப்படியானால் இத்தாலிச் சந்தையை இழந்ததற்கு யாரைக் குறை சொல்வது?
– வழக்கறிஞர், ஆரணி

நல்ல குறுக்கு விசாரணை. அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மேல் இத்தாலி படையெடுத்ததற்காக, பிரிட்டன் உட்பட்ட சர்வதேச சங்கத்தின் தடை 1935 நவம்பர் 18 முதல் அமலானது. கவனியுங்கள்: இத்தாலிக்கு அனுப்பக் கூடாத சரக்குப் பட்டியலில் கரி இல்லை. ஆனால் இத்தாலியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று இருந்தது. தன் பழத்தையும் துணியையும் விற்காத இத்தாலி, கரிக்குப் பவுனை எங்கிருந்து கொண்டுவரும்? தடை செய்யாமலே தடையாயிற்று.

ஆனால் இத்தாலியும் சும்மா இருக்கவில்லை. அதற்கு நாலு மாதம் முன்பே, 1935 ஜூலையில், கரி இறக்குமதியை அரசின் ஏகபோகமாக்கிவிட்டது. தனி வியாபாரிகள் பலர் இருந்த இடத்தில் ஒரே ஒரு வாங்குபவர். அவர் அரசியல் பார்த்து வாங்குவார். ஜெர்மனி கரியைக் கொடுத்துப் பதிலுக்கு இத்தாலியச் சரக்கை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, பவுனே தேவையில்லை. 1936-இல் பிரிட்டன் கரி அங்கே போவது ஏறக்குறைய நின்றே போனது. ஜூலையில் தடையை நீக்கியபின்னும் பழைய அளவு திரும்பவில்லை. 1913-இன் 96 லட்சம் டன்னை நினைத்துப் பாருங்கள்.

குறை யார்மேல் என்றால், வழக்கை இருவர் மேலும் போடலாம். தடையை அரைமனதோடு போட்டதால் போரும் நிற்கவில்லை, சந்தையும் மிஞ்சவில்லை என்பது நம் தீர்ப்பு.

வெளிநாட்டுக்காரர்களைச் சொல்கிறீர்களே, பிரிட்டனே தன் ஏற்றுமதிக்குப் பூட்டு போட்டுக்கொண்டதில்லையா?
– வாசகி, ஆற்காடு

போட்டது, அம்மா. 1930-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டப்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இவ்வளவுதான் வெட்டலாம் என்று உற்பத்திக் கோட்டா. குறைந்தபட்ச விலையும் உண்டு. உள்நாட்டுச் சந்தையில் விலை சரியாமல் தடுக்கக் கொண்டுவந்தது. ஆனால் உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் ஒரே கோட்டா என்பதால், மாதக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் வரும்போது சுரங்கத்தின் அளவு தீர்ந்திருக்கும். கையை விரித்தால் ஆர்டர் கிடினியாவுக்குப் போகும். வெளிநாட்டில் விலை இறங்கும்போது குறைந்தபட்ச விலைக்குக் கீழே இறங்கி விற்கவும் முடியாது. நாலு ஆண்டு பட்டபின், 1934-இல்தான் ஏற்றுமதிக்குத் தனிக் கோட்டா என்று பிரித்தார்கள்.

ஜெர்மானியர் இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? எஸ்ஸெனில் இருந்த ரைன்–வெஸ்ட்பாலியக் கரிச் சங்கம், போட்டியில்லாத உள்நாட்டுப் பகுதியில் விற்ற ஒவ்வொரு டன்னுக்கும் சுரங்கங்களிடம் ஒரு தொகை பிடித்து, போட்டியுள்ள வெளிச்சந்தையில் விலை குறைத்து விற்றவர்களுக்குக் கொடுத்தது. 1928-இல் யார்க்‌ஷயரும் அக்கம்பக்க மாவட்டங்களும் சேர்ந்து டன்னுக்கு 3 பென்ஸ் வசூலித்து இதேபோல் செய்துபார்த்தன. வேல்ஸும் டர்ஹாமும் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. அவற்றுக்கு உள்நாட்டு விற்பனை குறைவு. வசூலிக்க ஆளில்லாமல் யாருக்கு மானியம் தருவது? நாடு முழுவதற்கும் ஒரே வசூல் என்ற யோசனை 1930 மசோதாவில் இருந்தது. சட்டமாகி வெளிவருவதற்குள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள்.